இரண்டாவது ரிமோட்

என் மகளுக்குப் பதின்மூன்று வயதான வருடத்தில், கட்டாரிலிருந்து வந்த ஒரு பெட்டியைத் தவிர வேறு எவருடைய பேச்சையும் அவள் கேட்கவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பெட்டிக்கு என்னைவிடப் பொறுமை அதிகம். அது சத்தம் போடாது, முகம் சுளிக்காது, நேற்று ஒன்று சொல்லிவிட்டு இன்றைக்கு வேறொன்று சொல்லாது. எனக்கோ மூக்குக்கு மேலே கோபம் வரும்.

பெட்டி என்றது ரீவியில் போட்டு விளையாடுகிற கேமை. என் கணவர் கட்டாரில் வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவரிடம் அதைக் கொடுத்தனுப்பியிருந்தார். அன்று ரெலிபோனில் அவரைக் கிழி கிழியென்று கிழித்தேன். "பிள்ளை ஒருத்தரோடயும் கதைக்கிறாளில்லை. அவளுக்கு இன்னுமொரு பெட்டியோ? மனுசரோட பழக விடாமச் சுவர் கட்டுறீங்களோ?" என்று கேட்டேன். அவர், "சரியப்பா, விருப்பமில்லாட்டி ஆருக்காவது குடும்" என்றார். கொடுக்கவும் மனம் வரவில்லை. அவர் அனுப்பிய சாமான் அல்லவா.

அப்போது நாங்கள் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் இருந்தோம். சண்டையால் சம்பூர்ப் பக்கத்துச் சனம் வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்து அலைந்த காலம். மகள் எங்களுக்கு ஒரே பிள்ளை. வாசிப்பாள். எந்த வள்ளம் கரைக்கு வருகிறது என்பதை எஞ்சின் சத்தத்தை வைத்தே சொல்லுவாள். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆட்களின் முகத்தைப் பார்க்க மாட்டாள். யாராவது மெல்லத் தொட்டுவிட்டால் நெருப்புச் சுட்டது போலத் துடிப்பாள். அவளுக்குத் தலை சீவி இழுக்கிற நாட்களில் அயலட்டை முழுவதும் கேட்கும்படி எங்கள் வீட்டில் யுத்தம் நடக்கும். இப்போது இதை ஓட்டிசம் என்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் அன்றைக்கு இதற்கு இருந்த பெயர் 'ஒரு மாதிரி'. "உங்கட மகள் ஒரு மாதிரியெல்லோ?" என்று கேட்கிறவர்களுக்கு, "ஓம், உங்களை மாதிரி இல்லை" என்று சொல்லிவிட்டு நான் என் பாட்டில் போய்விடுவேன். வீட்டுக்கு வந்து அழுதது எனக்கு மட்டும் தெரியும்.

சல்லியிலிருந்து டவுனுக்குப் போகிற றோட்டில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்குவார்கள். ஆண்கள் ஒரு பக்கம் வரிசையாக நிற்பார்கள். பெண்களுக்குச் சாக்குத் திரை கட்டிய ஒரு சிறிய கூடு. அதற்குள் ஒவ்வொருவராகப் போகவேண்டும். ஆமிப் பொம்பிளை ஒருத்தி உடம்பைத் தடவிச் சோதித்துவிட்டு மற்றப் பக்கத்தால் அனுப்புவாள். மகள் சின்னவளாக இருந்தவரை 'பிள்ளை' என்று தலையசைத்து விட்டுவிடுவார்கள். பிறகு அவள் என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள்.

வளர்ந்த பிறகு முதல் தடவை கூட்டிப்போன நாளில், அந்தக் கை இடுப்பில் பட்டதும் அவள் கத்தினாள். சாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து றோட்டு நெடுக ஓடினாள். எதிர்ப்பக்கத்தில் நின்ற ஒருவன் ஏதோ கத்தியபடி துவக்கை உயர்த்தினான். எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. அவளை மணலில் விழுத்தி, அவளுக்கு மேலே படுத்துக் கிடந்தேன். திமிறியபடி அவள் என் தோளைக் கடித்தாள். நான் விடவில்லை. வயதான ஆமிக்காரர் ஒருவர் வந்து துவக்கைக் கீழே பதிக்கச் சொல்லி, எங்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். உயிர் போய் உயிர் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான் அவளை அந்தச் சாவடியைத் தாண்டிக் கொண்டுபோகவில்லை. ஓடினால் சுடுவார்கள். அவளோ ஓடுவாள். இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. வீடு, வளவு, கடற்கரை என்று அவளுடைய உலகம் சுருங்கிப்போனது. நான் மட்டும் சந்தைக்கென்று அநேகமாக ஒவ்வொரு நாளும் அந்தச் சாவடியைத் தாண்டிப் போய்வந்தேன்.

கேம் பெட்டியின் முன்னால் அவள் காலையிலேயே குந்திவிடுவாள். ஒரு சின்ன மனிதன் ஓடுவான், குழிகளைத் தாண்டுவான், விழுந்தால் திரும்ப முதலிலிருந்து ஓடுவான். சாப்பிடக் கூப்பிட்டால் எருமை மாட்டில் மழை பெய்த மாதிரி இருப்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் போய்ப் பெட்டியை நிறுத்தப் பார்த்தேன். அவசரத்தில் எந்தப் பொத்தானை அமத்தினேனோ, திரையில் எழுத்து மாறி, ஆட்டம் இரண்டு பேருக்கு என்று ஆகிவிட்டது. அவளுடைய ஆள் குழியில் விழுந்ததும் வேறு நிறச் சட்டை போட்ட இன்னொரு ஆள் வந்து நின்றான். அவள் பொத்தான்களை அமத்தினாள். அவன் அசையவில்லை. திரும்பவும் அமத்தினாள். கத்தப்போகிறாள் என்று நான் காதைப் பொத்தத் தயாரானேன்.

அவள் கத்தவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் பொலித்தீன் உறையோடேயே கிடந்த இரண்டாவது ரிமோட்டைப் பார்த்தாள். அதற்கு ரிமோட் என்றுதான் நாங்கள் பெயர் வைத்திருந்தோம். உறையைக் கழற்றினாள். என் கையில் படாமல் அதை என் மடியில் வைத்தாள். நான் விளையாடினேன், நாலு அடி நடந்து முதல் குழியிலேயே தொப்பென்று விழுந்தேன். அவளுடைய ஆள் வந்தான். அவள் விழுந்த பிறகு என் ஆள் வந்தான். நான் அமத்தும்வரை அவள் காத்திருந்தாள். வாயால் ஆயிரம் தரம் 'பொறு' என்று சொல்லியிருப்பேன், ஒருநாளும் கேட்டதில்லை. அன்று ஒருவரும் சொல்லாமலே பொறுத்தாள்.

ஐந்தாறு நாட்களாக நான் அதே முதல் குழியில்தான் விழுந்துகொண்டிருந்தேன். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, அவள் என் பெருவிரலைப் பார்த்தபடி, "இப்ப குதியுங்கோ அம்மா" என்றாள். குதித்தேன். தாண்டிவிட்டேன். எனக்கு வந்த சந்தோசத்தில் அவளைக் கட்டிப்பிடிக்கப் போய், நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டேன். அவளாக எனக்கு ஒன்றைச் சொல்லித் தந்தது அதுதான் முதல் தடவை. கணவரிடம் நான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "பெட்டி பரவாயில்லை" என்றேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதற்குமேல் நான் இறங்கி வந்தது கிடையாது.

கரண்ட்தான் எங்களுக்குப் பெரிய எதிரி. நடு ஆட்டத்தில் கரண்ட் போனால் அவள் தலையைச் சுவரில் அடிக்கத் தொடங்குவாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். கரண்ட் போன நேரத்தில் யாருடைய முறையோ, அவருடைய பெயரைக் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதிவைப்பது. திரும்ப வந்ததும் அந்த ஆளிலிருந்து தொடங்குவது. சில நாட்களில் என் பெயரை அவளே எழுதினாள். கள்ளம் செய்து தன் பெயரை எழுதியிருக்கலாம், எழுதவில்லை. அந்தக் கலண்டரை இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த மாரியில் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு தாயும் மகளும் எங்கள் குசினியோடு சேர்ந்த அறைக்கு வந்தார்கள். தாய் விடியவே கருவாடு காயப்போடுகிற வேலைக்குப் போய்விடுவா. மகளுக்குப் பதினாறு வயது, படிப்பு இடையில் அறுந்து கிடந்தது. என்னை மாமி என்று கூப்பிடுவாள். வாய் ஓயாத பிள்ளை. என் மகளைப் பார்த்து, "உமக்கு என்ன நிறம் விருப்பம்?" என்று கேட்பாள். பதில் வராவிட்டால், "எனக்கெண்டால் ஊதா" என்று தானே சொல்லிக்கொள்வாள். முதல் நாள் வாசலில் நின்று ஆட்டத்தைப் பார்த்தாள். அடுத்த நாள் நிலையைத் தாண்டி உள்ளே வந்தாள். ஒரு கிழமை கழித்து என் மகள் தான் இருந்த பாயில் ஒரு சாண் தள்ளி இருந்தாள். எங்கள் வீட்டில் அதற்குக் கும்பம் வைத்து வரவேற்றதென்று அர்த்தம். எனக்கு அதற்குப் பிறகு ரிமோட் கிடைக்கவில்லை.

ஒருநாள் குசினியில் நின்றபோது, "உன்ர முறை" என்று மகளின் குரல் கேட்டது. தாய் தகப்பனைத் தவிர வேறொரு ஆளுக்கு அவளாகச் சொன்ன முதல் வார்த்தை. சம்பூர்ப் பிள்ளை அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவள் தன் கதையைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் அகப்பையோடு நின்று அழுதேன். அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

இன்னொரு நாள் அந்தப் பிள்ளை ஆட்டத்துக்கு நடுவில் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அவர்களுடைய வீட்டின் கூரையைக் கழற்றிவிட்டார்கள் என்று யாரோ வந்து சொல்லியிருந்தார்கள். திரையில் அவளுடைய ஆள் நின்றபடியே நின்றான், நேரம் போய்க்கொண்டிருந்தது. "நேரம் போகுது" என்றாள் என் மகள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு பிள்ளை அழுகிறாள், இவளுக்கு நேரம்தான் பெரிதோ என்று ஏசப்போனேன். அதற்குள் மகள் கீழே கிடந்த ரிமோட்டை எடுத்து அந்தப் பிள்ளையின் கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்து அதன்மேல் அமத்திவிட்டாள். அவளாக இன்னொருவரைத் தொட்டிருக்கிறாள். என் வாய் அடைத்துப்போனது. என் வாயை அடைப்பது லேசான காரியம் இல்லை.

இப்படியிருக்கும்போதுதான் டவுனிலிருந்து செய்தி வந்தது. இப்படியான பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக் கிழமைக்கு இரண்டு நாள் வகுப்பு வைக்கிற ஒரு மடத்துச் சிஸ்டர் அங்கே இருந்தா. முன்பே போய்க் கேட்டு வைத்திருந்தேன். "பொங்கல் கழிய ஒரு இடம் வருது. ஆனா கனநாளைக்கு வைச்சிருக்க ஏலாது. அவவை நீங்கள்தான் கூட்டிக்கொண்டு வரவேணும்" என்று சொல்லியனுப்பியிருந்தா. வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவில் அந்தச் சாக்குத் திரை இருந்தது. நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"மாமி, கேம் மாதிரியே சொல்லிக் குடுப்பம்" என்றாள் சம்பூர்ப் பிள்ளை. அரிசிச் சாக்கு இரண்டைக் குசினி வாசலில் தொங்கவிட்டாள். முதலாம் கட்டம் பை. இரண்டாம் கட்டம் கை தூக்குவது. மூன்று தோள், நான்கு இடுப்பு, ஐந்து கால், ஆறு வெளியே போவது. ஆறும் முடித்தால் வெற்றி. மெல்லத் தொட்டால் மகள் துடித்தாள். அழுத்தித் தொட்டால் பொறுத்தாள். அதைக் கண்டுபிடித்ததும் அந்தப் பிள்ளைதான், பெற்ற எனக்குப் பதினாலு வருடமாகத் தெரியவில்லை. முதலில் மூன்றாம் கட்டத்திலேயே ஓடினாள். பிறகு நான்காம் கட்டத்தில். பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னர் ஆறு கட்டமும் ஓடாமல் முடித்தாள்.

இருவரும் மாறி மாறிச் சோதித்தார்கள். ஒருமுறை இவள் ஆமி, அடுத்தமுறை அவள் ஆமி. முறை மாறாவிட்டால் மகள் விளையாட மாட்டாள். நான் தேங்காய் திருவியபடி அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரித்ததோடு விட்டதுதான் நான் செய்த பிழை.

போகிற நாள் வந்தது. சம்பூர்ப் பிள்ளைக்குச் சாவடியைத் தாண்டத் தேவையான பதிவுத் துண்டு இன்னும் கிடைக்காததால் அவளால் வர முடியவில்லை. பஸ்ஸில் நானும் மகளும்தான். சாவடியில் இறங்கினோம். அம்மனுக்கு நான் வைத்த நேர்த்திகளை எல்லாம் சேர்த்தால் ஒரு திருவிழாவே செய்யவேண்டும்.

கூட்டுக்குள் நான் முதலில் போனேன். அங்கே நின்றவளை எனக்குத் தெரியும், பல மாதங்களாக அவள்தான் என்னைச் சோதிக்கிறவள். இருபது வயதுதான் இருக்கும், வெயிலில் கறுத்த முகம். அவளுக்குத் தமிழ் தெரியாது என்ற துணிவில் ஒவ்வொரு முறையும் "நாசமாப் போவாய்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கையைத் தூக்குவேன். அன்று மட்டும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "மகே துவ... பயயி" என்றேன். என் மகள், பயம் என்று சொன்னதாக நினைப்பு. அவள் தலையை ஆட்டினாள். "யன்ன" என்றாள். போ என்று அர்த்தம், அந்தச் சொல் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மற்றப் பக்கத்தில் நிற்க விடமாட்டார்கள். செருப்பு வார் கழன்றது போலக் குனிந்து இருந்துகொண்டேன். சாக்குக்குக் கீழே கால்கள் தெரிந்தன. ஒரு சோடி சப்பாத்து. அதற்கு முன்னால் மகளின் நீலச் செருப்பு வந்து நின்றது. "நங்கி, அத் உஸ்ஸன்ன" என்ற குரல் கேட்டது, தங்கச்சி, கையைத் தூக்கு என்று. நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். பை. கை. தோள். சப்பாத்துகள் சுற்றி வந்தன. இடுப்பு. கத்தவில்லை. கால். நீலச் செருப்பு அசையவில்லை. சப்பாத்துகள் பின்னுக்குப் போயின. "யன்ன." முடிந்தது, என் தாயே, முடிந்தது என்று எழும்பினேன்.

அவள் வெளியே வரவில்லை. திரும்பவும், "யன்ன." அப்போதும் வரவில்லை. பிறகு என் மகளின் குரல் தெளிவாகக் கேட்டது. "இப்ப என்ர முறை. கையைத் தூக்குங்கோ."

 முறை மாறும் என்று நாங்கள்தானே சொல்லிக் கொடுத்தோம். இந்த ஒரு இடத்தில் மாறாது என்று சொல்ல மறந்துபோனோம். வெளியிலிருந்து சாக்கைத் தொடக்கூடாது என்பது கடுமையான சட்டம். நான் அதை விலக்கினேன்.

மகள் தன் இரண்டு கையையும் தூக்கி, எப்படித் தூக்குவதென்று அவளுக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். ஆமிப் பிள்ளை என்னைப் பார்த்தாள். எனக்குச் சிங்களம் ஒரு சொல்லும் வரவில்லை, தமிழும் வரவில்லை. கும்பிட்டபடி, "கேம்... கேம்" என்றேன். அவள் ஆண்கள் நிற்கிற பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு நாளும் நாங்கள் தூக்குகிற மாதிரியே, இரண்டு கையையும் தூக்கினாள்.

மகள் அவசரப்படவில்லை. தோளை அழுத்திப் பார்த்தாள். இடுப்புப் பட்டியைச் சுற்றிப் பார்த்தாள். சட்டைப் பையில் கையை வைத்து, "இது என்ன?" என்றாள். ஆமிப் பிள்ளை கடதாசியில் சுற்றிய ஒரு எள்ளுருண்டையை எடுத்துக் காட்டினாள். மகள் அதை மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். குனிந்து காலைப் பார்த்தாள். நிமிர்ந்து, "சரி. நீங்கள் போகலாம்" என்றாள்.

ஆமிப் பிள்ளைக்கு விளங்கவில்லை. என்ன சொல்லுகிறாள் என்று கண்ணாலேயே என்னிடம் கேட்டாள். நான் றோட்டைக் காட்டி, "யன்ன" என்றேன். எத்தனையோ நாட்களாக அவள் எனக்குச் சொன்ன சொல். நான் காட்டிய பக்கம் அவள் திரும்பிப் பார்த்தாள். வெறும் றோட்டுத்தான், எங்கள் பஸ் நின்றது. அவளுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது, ஆனால் வரவில்லை. வெளியே யாரோ அதட்டினார்கள். அவள் கையை இறக்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

பஸ்ஸில் மகள் யன்னல் பக்கம் இருந்தாள்.  ஏசுவதா கொஞ்சுவதா என்று தெரியாமல் இருந்தேன். பஸ் வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரத்தில் அவள், "அம்மா, அவ ஏன் போகேல்ல?" என்றாள்.

வேறொரு மனிதரைப் பற்றி என் பிள்ளை என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. வகுப்பு, சிஸ்டர், எல்லாம் எனக்கு அந்த நேரத்தில் மறந்துபோனது.

"போக விடமாட்டினம், பிள்ளை. அவவின்ர வீடும் தூரம்" என்றேன்.

"எவ்வளவு தூரம்?"

"எனக்குத் தெரியாது."

 "நீங்கள் ஒவ்வொரு நாளும் காணுறனீங்கள்தானே. கேட்டிருக்கலாம்" என்றாள்.